கணுக்கால் அளவுத் தண்ணீர்

முதுகலையில் நான் எடுத்த படிப்பின் பெயரை எங்கள் ஊர் டீக்கடையில் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். இஸ்லாமிய அறநெறியும் அரசியல் சிந்தனையும். கடைக்காரர் ஒருநாள் பொறுமையாக முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏம்மா, இதைப் படிச்சா துபாய்ல வேலை கிடைக்குமா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப மதம் மாறப் போறியா?" அதுவும் இல்லை. "ரெண்டும் இல்லன்னா எதுக்கு தெனம் ஒண்ணரை மணி நேரம் பஸ்ல நின்னுக்கிட்டே போற?"

பதில் என்னிடம் இருந்தது. பஸ் வந்துவிட்டதால் சொல்லாமல் ஓடினேன்.

யார் ஆளலாம், ஆளுகிறவன் கீழே இருப்பவர்களுக்கு என்ன கடமைப்பட்டவன், அவன் தவறினால் என்ன செய்யலாம் என்றெல்லாம் ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக ஒரு கூட்டம் மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்தை ஓதி வளர்ந்தவர்கள் எங்களுக்கு அடுத்த பஸ் நிறுத்தத்தில் கடை வைத்திருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் வீட்டுக் கல்யாண பிரியாணி மட்டும். இளங்கலை வரலாற்றில் அரைப் பக்கத்தில் முடிந்துபோன அந்தச் சங்கதியின் மீதிப் பக்கங்களை வாசிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அவ்வளவுதான்.

வகுப்பில் ஐந்து பேர் சேர்ந்தோம். புதன்கிழமை மதியம் நூலகத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் மூல நூல்களை வாசிக்கும் வகுப்பு. இரண்டு மாதத்தில் அதற்கு வருகிறவர்கள் மூன்று பேரானோம். பேராசிரியர், நான், அப்புறம் அவள்.

அவள் கடற்கரை ஊர்க்காரி. வாப்பாவுக்கு சவூதியில் கடை. பெண்கள் அரபுக் கல்லூரியில் ஐந்து வருஷம் ஓதி ஆலிமா பட்டம் வாங்கிவிட்டு, அது போதாதென்று எங்களோடு வந்து சேர்ந்திருந்தாள். பஸ் போர்டை வாசிப்பதுபோல அரபு வாசிப்பாள். நான் ஒவ்வொரு எழுத்தையும் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன். "நீ வாசிக்கிறதுக்குள்ள இதை எழுதினவரே எந்திரிச்சு வந்துருவாருடி" என்பாள். வாரம் தவறாமல் டிபன் பாக்ஸில் அரிசி மாவில் இறால் பதித்துப் பொரித்த வாடா கொண்டு வருவாள். எண்ணெய் விரலோடு புத்தகத்தைத் தொடக்கூடாது என்பது பேராசிரியரின் ஒரே கண்டிப்பு. அதனால் முதல் பத்து நிமிஷம் தின்பதற்கு, அடுத்த ஐந்து நிமிஷம் கை கழுவுவதற்கு, மீதி இரண்டு மணி நேரம் சண்டைக்கு.

அந்தச் சண்டைக்கு ஒரு முறை இருந்தது. அவள்தான் கொண்டுவந்தாள். அவளுக்குப் பாடம் எடுத்த உஸ்தாபி பழக்கிய முறையாம்.

"என்னை மறுத்துப் பேசணும்னா முதல்ல நான் சொன்னதை நீ சொல்லு. நான் சொன்னதைவிட நல்லாச் சொல்லு. நான் சரின்னு சொன்னப்புறம்தான் உன் வாய்ப்பூட்டு திறக்கும்."

சரி என்பதற்கு அவளுடைய அடையாளம், பேனா மூடியால் மேசையில் இரண்டு தட்டு. திருப்தி இல்லையென்றால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். அந்த இரண்டு தட்டு கிடைக்க நான் பட்ட பாடு! கொடுமைக்கார அரசனுக்குக்கூட அடங்கிப் போகலாம், ஆளில்லாத குழப்பம் அதைவிடக் கொடுமை என்று சில பழைய சிந்தனையாளர்கள் எழுதியிருந்ததை வாசித்த அன்றைக்கு எனக்கு ரத்தம் கொதித்தது. "அநியாயம்" என்று கத்தினேன். "இருக்கட்டும். முதல்ல அவங்க பக்கத்தைச் சொல்லு" என்றாள். சொன்னேன். ஜன்னல். மறுபடி சொன்னேன். மறுபடி ஜன்னல். மூன்றாவது தடவை, எங்கள் ஊர்ப் பாசனச் சங்கத்துக்குத் தலைவர் இல்லாமல் போன வருஷம் ஞாபகத்துக்கு வந்தது. ஆளுக்கொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையை அவரவர் இஷ்டத்துக்கு வெட்டினார்கள். யாருக்கும் தண்ணீர் சேரவில்லை, இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அதைச் சொல்லி, இந்தப் பயத்தில் எழுதியிருப்பார்கள் என்றேன்.

டக், டக்.

அதற்குப் பிறகும் நான் மறுத்துத்தான் பேசினேன். ஆனால் கத்தவில்லை. கத்தத் தேவையில்லாமல் இருந்தது. இப்போது எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்தாயிற்று; அந்த இரண்டு தட்டுக்கு ஈடாக ஒரு கைதட்டலும் எனக்கு வாய்க்கவில்லை.

இரண்டாம் வருஷம் தண்ணீர் அத்தியாயத்துக்கு வந்தோம். பேராசிரியர் அதை அரசியல் சிந்தனையின் அரிச்சுவடி என்பார். மதீனாவில் பாறை நிலத்திலிருந்து இறங்கி வரும் ஒரு வாய்க்கால். மேலே ஒருவருக்குத் தோட்டம், கீழே ஒருவருக்குத் தோட்டம். வழக்கு நபிகளிடம் வருகிறது. முதலில் சொல்லப்பட்டது மென்மையான யோசனை: மேலே இருப்பவர் கொஞ்சம் பாய்ச்சிக்கொண்டு பக்கத்தவருக்கு விட்டுவிடட்டும். கீழே இருப்பவருக்கு அது போதவில்லை. மேலே இருப்பவர் நபிகளின் உறவுக்காரர் என்பதால் இந்தத் தீர்ப்பு என்று முணுமுணுக்கிறார். அதற்குப் பிறகுதான் மேலே இருப்பவரின் முழு உரிமையும் சொல்லப்படுகிறது: நிரம்பும்வரை நிறுத்திக்கொள்ளலாம், பிறகு விட வேண்டும். அந்த நிரம்பல் எவ்வளவு என்று பின்னால் வந்தவர்கள் அளந்து பார்த்துக் கணுக்கால் அளவு என்றார்கள்.

"முதல்ல சொன்னது பெருந்தன்மை. ரெண்டாவது சொன்னது ஹக்கு, உரிமை. ரெண்டுக்கும் நடுவுலதான் நம்ம பாடமே இருக்கு" என்றார் பேராசிரியர்.

நான் வேறொன்றில் மாட்டிக்கொண்டிருந்தேன். "சார், எந்தக் கணுக்கால்?"

"எந்தக் கணுக்கால்னா? எல்லாருக்கும் ரெண்டுதான்மா."

"பேரீச்சந்தோட்டம் சரி, தரை கெட்டி. எங்க ஊர் வயல்ல உழுத சேத்துல கால வச்சா முழங்கால் வரைக்கும் இறங்கும். சேத்துக்கு மேல அளக்கணுமா, சேத்தோடயா? அதுவும் நட்ட புதுசுல கணுக்கால் தண்ணி நின்னா நாத்து முங்கிப் போயிடும். ரெண்டு விரல் தண்ணி போதும்."

அவள் வாடாவை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். "அப்ப உங்க ஊருக்கு ரெண்டு விரல்தான் ஹக்கா?" அன்று பூராவும் அதே பேச்சு. மறுவாரம் நான் வயலில் நின்று காலை அளந்துவிட்டு, சுடிதார் ஓரத்தில் காயாத சேற்றோடு வகுப்புக்குப் போனேன். ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே குஷி.

அந்தக் குஷியில் ஒரு காரியம் செய்தேன். அப்பாவிடம் போய், மேல் நிலத்துக்காரனுக்குத்தான் முதல் தண்ணீர் என்று அந்தக் காலத்து மதீனாவிலேயே சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

அப்பாவுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா காலம்வரைக்கும் கூலிதான். எந்தப் பண்ணையில் வேலை செய்தாரோ, அந்தப் பண்ணை வீட்டுக்காரரே தலைமடையை ஒட்டி, அதுவரை குத்தகைக்காரர் கையில் இருந்த ஆறு மா நிலத்தை, ஏறக்குறைய இரண்டு ஏக்கரை, விற்றபோது அப்பா அதை வாங்கினார். எங்கள் வாய்க்காலில் முதல் மடை எங்களுடையது. அதற்குக் கீழே அந்தப் பெரியவரின் மீதி நிலம், அதற்கும் கீழே இன்னும் நான்கு பேர். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் கட்டிய மனுஷன் தன் மடையைத் தானே திறந்த அன்றைக்கு அரைமணி நேரம் அங்கேயே நின்றாராம். அம்மா சொல்லியிருக்கிறாள்.

நிலம் கைமாறிய பிறகு பேச்சும் மாறியிருந்தது. அதுவரை அவரை 'ஐயா' என்று கூப்பிட்ட அப்பா, 'சார்' என்று மாற்றிக்கொண்டார். பெரியவருக்கு அப்பாவை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பழையபடி 'வாடா' என்று சொல்ல முடியாது. 'வாங்க' என்று சொல்ல வாய் வராது. "வந்தாச்சா", "நடவு முடிஞ்சுதா" என்று ஆளே இல்லாமல் பேசுவார்.

மதீனாச் செய்தியை அப்பா டீக்கடைவரை கொண்டு போய்விட்டார். "மேல இருக்கிறவன் முதல்ல. சும்மா இல்ல, பாப்பா புத்தகத்துல படிச்சிருக்கு." கணுக்கால் நிரம்பினால் கீழே விட வேண்டும் என்ற இரண்டாவது பாதியை நான் சொன்னேனா, அவர் விட்டுவிட்டாரா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

அந்த வருஷம் சம்பா நட்டு எட்டாம் நாள். ஆற்றில் தண்ணீர் குறைந்துபோய், மழையும் தள்ளிப்போயிற்று. கீழ் வயல்களுக்குத் தண்ணீர் ஏறவில்லை. தலைமடைக்காரர் நிறுத்தி வைத்துக்கொள்கிறார் என்று புகார் கிளம்பியது. செவ்வாய்க்கிழமை காலை மதகடியில் சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை சாயந்தரம் அப்பா என்னை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய், எங்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். குனிந்து, ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி என் கையில் கொட்டினார். மேலே சேறு, உள்ளே நறநறவென்று மணல்.

"பழைய ஆத்துப் படுகை பாப்பா இது. சல்லடை மாதிரி. காலையில கட்டுன தண்ணி சாயந்தரம் இருக்காது. நான் யார் தண்ணியையும் தேக்கி வைக்கல. மண்ணு குடிச்சிடுது."

"இதை ஏம்ப்பா யாருகிட்டயும் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? தலைமடை நிலம்னு ஓடிப்போய் மணலை வாங்கிட்டு வந்தான்னு சிரிக்கவா?" கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு நீ பேசு. நான் பேசுனா கோவம் வந்துரும். நீ படிச்சிருக்க, சிரிக்காத மாதிரி சொல்லுவ" என்றார்.

ஆறு மா பயிர் மட்டுமல்ல, வருஷக்கணக்கில் மூடி வைத்திருந்த ஒரு அவமானத்தையும் அவர் என் கையில் கொடுத்தார். நான் ராஜ்ஜியமே கிடைத்த மாதிரி தலையாட்டினேன்.

மறுநாள் மதகடியில் பதினைந்து பேர் இருந்தார்கள். சங்கத் தலைவர் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்தார். ஆற்று மதகைத் திறந்து மூடும் லஸ்கர் நீளமான இரும்புச் சாவியோடு நின்றார். பெரியவர் முட்டிவலியோடு ஒரு கல்லில். அப்பா கடைசியில், துண்டைக் கையில் வைத்துக்கொண்டு.

நான் ஆரம்பித்தேன். எப்படி ஆரம்பிப்பேன்? இரண்டு வருஷப் பழக்கம். முதலில் எதிர்ப்பக்கம்.

"கீழ்மடையில நட்டு எட்டு நாள் ஆகுது. பயிர் பச்சை பிடிக்கிற நேரம். இப்ப ரெண்டு நாள் காஞ்சா வயல் வெடிக்கும். வெடிச்ச வயலுக்கு அப்புறம் எவ்வளவு தண்ணி விட்டாலும் உள்ள இறங்கிடும், மேல நிக்காது. களை முந்திக்கும். நடவுக்கே ஆள் கெடைக்காத நேரத்துல களைக்கு எங்க ஆள் தேடுறது? மேல ஒருத்தர் வயல்ல தண்ணி பளபளன்னு நிக்கிறதைப் பார்த்துக்கிட்டு, நம்ம வயல் வெளுக்குறதைப் பார்க்கிறது எவ்வளவு கஷ்டம்?"

சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் ஏறியது. அவர்கள் சொன்னதைவிட நன்றாகச் சொன்னேன். முடித்துவிட்டுப் பெரியவரைப் பார்த்து, "இதுதானே நீங்க சொல்ல வர்றது?" என்றேன். அவர் கண் கலங்கியிருந்தது. "இதேதாம்மா" என்று தலையாட்டினார்.

டக், டக் என்று எனக்குள் கேட்டது. இனி அப்பா பக்கம். மூச்சை இழுத்தேன்.

சங்கத் தலைவர் தொடையில் ஓங்கித் தட்டினார். "அப்பறம் என்னப்பா? தலைமடைக்காரர் மகளே சொல்லிடுச்சு! ஆறு நாளைக்கு தலைமடையை மூடுங்க, கீழ விடுங்க. இதுக்குப் போயி கூட்டமா?"

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். லஸ்கர் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

"இருங்க, இருங்க! நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!"

"ஆரம்பிக்காமலே இவ்வளவு நல்லாப் பேசுறியே, போதும்மா!" யாரோ சொல்ல, கூட்டமே சிரித்தது. நல்ல சிரிப்புதான், அன்பான சிரிப்பு. எதிரே போகும் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்துவதுபோல நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் மடைக்குப் போனார். வைக்கோலும் சேறுமாக அள்ளி, தன் கையாலேயே அதை அடைத்தார். வீட்டில் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. "உன் மகளுக்கு சோறு போடு" என்று அம்மாவிடம் சொன்னார். அவ்வளவுதான்.

புதன்கிழமை வகுப்பில் எல்லாவற்றையும் கொட்டினேன். 'ஆரம்பிக்கவே இல்ல' என்று சொல்லும் இடத்தில் அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏண்டி, இங்க நான் கடைசிவரைக்கும் உக்காந்திருப்பேன்னு உனக்குத் தெரியும். அவங்க உக்காருவாங்கன்னு யார் சொன்னா?"

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இரண்டாவது பாதி முடியிறவரைக்கும் ஜனங்களை எப்படி உட்கார வைக்கிறதுங்கிறதுதான் பாதி அரசியல் சிந்தனை" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அது உதவவில்லை. வயலில் மேட்டு மூலையில் நாற்றின் நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. இன்னும் நான்கு நாள் தாங்காது.

"நாளைக்கு உங்க ஊருக்கு வர்றேன்" என்றாள் அவள்.

வியாழக்கிழமை காலை கறுப்பு அபாயாவும் வெள்ளை ஷூவுமாக வந்து இறங்கினாள். கையில் வாடா பொட்டலம். பெரியவர் வயலுக்குப் போகிற வரப்பில் பத்தாவது அடியில் ஒரு ஷூ சேற்றில் மாட்டிக்கொண்டது. இழுத்தோம்; கால் வந்தது, ஷூ வரவில்லை. "இதுதான் உங்க கணுக்காலா?" என்று கேட்டுக்கொண்டே வெறுங்காலோடு வந்தாள்.

பெரியவர் தண்ணீர் ஏறிய வயலில் குனிந்து, விட்டுப்போன இடங்களில் நாற்று ஊன்றிக்கொண்டிருந்தார். ஆள் கிடைக்காமல் அவரேதான் செய்துகொண்டிருந்தார். நான் வரப்பில் நின்றபடி, கூட்டத்தில் சொல்லாமல் போன இரண்டாவது பாதியைச் சொன்னேன். சல்லடை மண், நிற்காத தண்ணீர், தேக்கிவைக்காத அப்பா.

அவர் நிமிராமலே, "அது மணல்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரிஞ்சா ஏன் அன்னைக்குச் சொல்லல?"

"என்னை யாரு கேட்டா?"

"நான்தான் கேட்டேனே. இதுதானே உங்க பக்கம்னு."

"என் பக்கத்தைக் கேட்ட. நான்தான் ஆமான்னேனே. உங்கப்பன் பக்கத்தை என்கிட்ட கேக்கலையே."

என் தோழி என் தோளைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்திவிட்டு முன்னால் வந்தாள். "இப்பக் கேக்குறோங்க ஐயா. அவர் பக்கத்தை நீங்க சொல்லுங்க. இங்க வேண்டாம், அவர் முன்னாடி சொல்லுங்க."

அவர் நிமிர்ந்தார். "நான் அங்க வரணுமா?" எங்கள் தெருவை அவர் சொல்லவில்லை என்றாலும் எனக்குப் புரிந்தது. அந்தத் தெருவுக்குள் அவர் ஒருநாளும் வந்ததில்லை.

"மதகுக்கு வந்தாப் போதுங்க" என்றேன். "மூணு நாளா அப்பா அங்கதான் உக்காந்திருக்காரு."

கையைக் கழுவிக்கொண்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். மதகில் அப்பாவும், லஸ்கரும், இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். அப்பா என் தோழியைப் பார்த்ததும் எழுந்து, "வாம்மா, வெயில்ல எதுக்கு வந்தீங்க, வீட்டுக்குப் போங்க" என்றார். அவள் மதகின் சிமெண்டுக் கட்டை மேல் வெறுங்காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இங்க ஒரு பாடம் பாக்கி இருக்குப்பா" என்றாள். வெளியூரிலிருந்து வந்த பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது எழுந்து போக யாருக்கும் முடியவில்லை. கூட்டத்தில் எனக்குக் கிடைக்காதது அவளுக்கு அப்படிக் கிடைத்தது.

பெரியவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தலைமடை வயல்ல தண்ணி நிக்காது. தேக்கி வச்சதா சொன்னது தப்பு. ரெண்டு நாளைக்கு ஒருதடவை நனைச்சாத்தான் நாத்து பிழைக்கும். ஆறு நாள் மூடினா நட்டதெல்லாம் வைக்கோல்தான்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையாட்டவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் அப்பா.

"எது?"

"அது உங்களுக்குத் தெரியும், சார்."

பெரியவர் திரும்பிப் போகிறவர்போல ஒரு காலை எடுத்து வைத்தார். "இருங்க ஐயா, இன்னும் முடியல" என்றாள் அவள், வகுப்பில் என்னிடம் சொல்லும் அதே குரலில். லஸ்கர் சாவியை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். ரோட்டில் ஒரு பஸ் போய், அதன் சத்தமும் போனது.

"அது மணல்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்" என்றார் பெரியவர். "எங்கப்பா காலத்துலேருந்தே தெரியும். விக்கும்போது தலைமடைன்னு மட்டும்தான் சொன்னோம். மணல்னு உங்ககிட்ட சொல்லல."

அப்போது அப்பா முகத்தில் ஓடியது என்ன என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அப்புறம் ஒரே ஒரு தடவை தலையை அசைத்தார்.

அவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மதகின் இரும்புக் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினாள். டங், டங்.

"இது என்னம்மா, பள்ளிக்கூட மணியா?" என்றார் லஸ்கர்.

பிறகு நடந்தது சுருக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள், காலையிலிருந்து உச்சிவரை எங்கள் மடை, மீதி நேரமெல்லாம் கீழே. அப்பாவே சொன்னார், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சங்கத் தலைவர் விஷயம் கேள்விப்பட்டு, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்று என்னிடம் கேட்டார். நான் அவரை முறைத்த முறைப்பில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

மேட்டு மூலையில் முக்கால் மா அளவுக்கு நாற்று கருகிவிட்டது. தன் நாற்றங்காலில் மிச்சம் இருப்பதை எடுத்துக்கொள்ளும்படி பெரியவர் சொல்லியனுப்பினார். அப்பா எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து ஊரில் வாங்கி வந்து நட்டார். அதைப் பெருந்தன்மை, உரிமை இரண்டில் நான் எந்தப் பக்கம் வைப்பது என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தை எழுதியபோது பேராசிரியர் ஓரத்தில், "இதற்கு ஆதாரம் எங்கே? அடிக்குறிப்பு வேண்டும்" என்று எழுதித் தந்தார். அப்பாவை எப்படி அடிக்குறிப்பில் போடுவது என்று கேட்டேன். "அப்ப அடுத்த படிப்புக்கு வச்சுக்க" என்றார்.

அடுத்த படிப்புக்குத்தான் இப்போது வடக்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன். அதே பாடம். நூலகம் ஏழு மாடி. கருத்தரங்கில் ஒருவர் பேசி முடிக்குமுன் இன்னொருவர் மறுக்கிறார். மறுத்தவர் என்ன மறுத்தார் என்று முதலாமவருக்கே தெரிவதில்லை. அவள் தன் ஊர் அரபுக் கல்லூரியில் உஸ்தாபியாகிவிட்டாள். "என் பிள்ளைங்களுக்கு ஒரு ஷூ கதை சொல்லியிருக்கேன்" என்று குரல்செய்தி அனுப்புகிறாள். இங்கே எண்ணெய் விரலுக்குத் திட்ட ஆளில்லை, வாடாவும் இல்லை. புதன்கிழமை மதியங்களில் என் கை தானாகப் பேனா மூடியைத் தேடும்.

போன மாதம் அப்பா கூப்பிட்டார். அறுவடைக்கு நான் வரவில்லை என்று சொல்லியிருந்தேன். கோபப்படுவார் என்று தயாராக இருந்தேன்.

"இரு பாப்பா. முதல்ல நீ சொல்ல வர்றதை நான் சொல்றேன், சரியான்னு பாரு" என்றார். "ரெண்டு வாரத்துல உனக்கு அங்க பேப்பர் கொடுக்கணும். வந்துட்டுப் போனா ரயில்லயே ஆறு நாள் போயிடும். வந்தாலும் மிஷின்தான் அறுக்கப்போகுது, நீ வரப்புல நின்னு வேடிக்கைதான் பார்க்கப்போற. அதுக்கு அங்க இருந்து உருப்படியா எழுதலாம். சரியா?"

நான் சொன்னதைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். "சரிப்பா! அதேதான்ப்பா! நீங்க புரிஞ்சுக்குவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் போனை வைத்துவிட்டு ஓடினேன்.

மூன்றாவது மாடிப் படிக்கட்டில்தான் உறைத்தது. அவர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

திரும்பக் கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தார், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுபோல.

"அப்பா, நான் பாதியில எந்திரிச்சுட்டேன். உங்க பக்கத்தைச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. மேலே வகுப்பின் கதவு சாத்திக்கொண்டது. நான் பையை இறக்கி வைத்துவிட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டேன்.